களத்திர தோஷக் கணக்கு: எல்லையோர ஜாதகங்களைப் பொருத்திப் பார்க்கும் முறை

செங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வரும் கல்யாண ஜாதகங்களில் பாதி, ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் எழுதப்பட்டவை. பெண் புனலூர், பையன் தென்காசி என்றால் ஒரு ஜாதகம் மலையாளத்திலும் இன்னொன்று தமிழிலும் இருக்கும். எனக்கு மலையாள எழுத்து வாசிக்கத் தெரியும் என்பதால் பெயர்த்தெழுதித் தரச் சொல்லிக் கொண்டுவருவார்கள். எழுதி முடித்ததும் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும்: “உயிருக்கு ஒன்றும் இல்லையே?” ஒருவர் ஜாதகத்தால் கணவன் அல்லது மனைவியின் உயிருக்கு ஆபத்து வருமா என்பதுதான் அதன் பொருள். அதைத்தான் களத்திர தோஷம் என்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குச் சாஸ்திரம் எதை எண்ணச் சொல்கிறது, எந்த வரிசையில் எண்ணினால் பிழை குறையும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். கட்டத்தை வைத்து இன்னொருவருடைய ஆயுளைச் சொல்லிவிட முடியும் என்று நான் நம்புவதில்லை. ஆனால் நம்பி எண்ணுகிறவர்கள் தப்பாக எண்ணி, ஒரு பெண்ணின் தலையில் பழியைக் கட்டிவிட்டுப் போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு ஜாதகங்களின் மூலப் பிரதி வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கட்டத்தின் படம் போதாது. அது யாரோ பெயர்த்தெழுதியதன் நகலாக இருக்கும், முதல் பக்கமும் இருக்காது. பிறந்த தேதியும் நேரமும் ஊரும் அந்த முதல் பக்கத்தில்தான் இருக்கின்றன.

பிறப்புச் சான்றிதழையும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இந்த வேலைக்கே வரக்கூடாது. ஜாதகத்தில் ஒரு தேதி, சான்றிதழில் வேறொரு தேதி இருந்தால் அதைத் தீர்க்காமல் பென்சிலைத் தொடாதீர்கள். இவற்றோடு ஒரு பஞ்சாங்கமோ ஜாதகம் கணிக்கும் மென்பொருளோ, இரண்டு வெற்றுக் கட்டம் வரைந்த தாளும் போதும்.

2. பிறந்த நேரத்தை ஆங்கிலத் தேதிக்கு மாற்றுதல்

மலையாள ஜாதகத்தில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆண்டு பிறப்பது சிங்கம் முதல் தேதி, அதாவது நம் ஆவணி. சிங்கம் முதல் டிசம்பர் முடியும் வரை 824 கூட்டுங்கள்; ஜனவரி முதல் கர்க்கடகம் முடியும் வரை 825. கொல்லம் 1172 கன்னி மாதம் என்றால் 1996 செப்டம்பர், அக்டோபர். 1174 மகரம் என்றால் 1999 ஜனவரி, பிப்ரவரி. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டிவிட்டு, பையனுக்கு ஒரு வயதைக் குறைத்து வைத்திருந்த தாள்களைத் திருத்தியிருக்கிறேன்.

மாதப் பெயரை ராசி என்று எடுத்துக்கொள்வது இன்னொரு சறுக்கல். அங்கே மாதங்களுக்கே ராசிப் பெயர்தான். “மகரம் 22” என்று எழுதியிருந்தால் அது தை மாதத்துத் தேதி; பெண்ணின் ராசி மகரம் என்று பொருளில்லை.

நேரம் நாழிகையில் இருந்தால், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். “உதயாதி நாழிகை 22, விநாடி 30” என்றால் சூரிய உதயத்திலிருந்து 9 மணி நேரம். அன்றைக்கு அந்த ஊரில் உதயம் எப்போது என்று பார்த்துக் கூட்டுங்கள். காலை 6 என்று குத்துமதிப்பாக வைக்காதீர்கள். பஞ்சாங்க நாள் உதயத்திலிருந்து உதயம் வரை ஓடுவது. எனவே சனிக்கிழமை விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தையை வெள்ளிக்கிழமையில் எழுதியிருப்பார்கள். சான்றிதழோடு ஒரு நாள் வித்தியாசம் வந்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

நிமிடம் ஏன் முக்கியம்? பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசிதான் லக்னம்; வீடுகளை எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான். ஒரு லக்னம் ஏறக்குறைய 2 மணி நேரம் நிற்கும், அதில் ஒன்பதில் ஒரு பங்கான நவாம்சம் 13 நிமிடம்தான். பிறந்த நேரம் லக்னத்தின் ஓரத்தில் இருந்தால் ஐந்து நிமிடப் பிசகில் ஏழாம் வீடு எட்டாம் வீடாகிவிடும். அப்படி ஓரத்தில் நிற்கிற ஜாதகத்தில் தாளின் மேலேயே “லக்ன சந்தி” என்று எழுதிவைத்துவிட்டு, இரண்டு லக்னத்துக்கும் தனித்தனியாக எண்ணுங்கள்.

3. கட்டத்தைப் பெயர்த்தெழுதுதல்

அதிகப் பிழை இங்கேதான் விழுகிறது. மலையாளக் கட்டமும் தமிழ்க் கட்டமும் ஒரே அமைப்பு. மேஷம் இருக்கும் இடம் மாறாது. கட்டம் ஒன்றாக இருக்கிறதே என்று உள்ளே இருக்கும் எழுத்தும் ஒன்றுதான் என நினைத்துவிடுகிறார்கள்.

மலையாள ஜாதகத்தில் ‘ர’ என்றால் ரவி, சூரியன். நம் ஆட்கள் ராகு என்று வாசிப்பார்கள். ராகுவுக்கு அங்கே ‘ஸ’, அதாவது சர்ப்பன். கேது ‘சி’, சிகி. சனிக்கு ‘ம’, மந்தன், மாந்திக்கு ‘மா’. ஒரு கால் எழுத்து விட்டுப்போனால் மாந்தி சனியாகிவிடும். சந்திரன் ‘ச’. சர்ப்பனையும் தமிழில் ‘ச’ என்று எழுதிவிட்டால் எது சந்திரன், எது ராகு?

எல்லாவற்றிலும் மோசமானது ‘கு’. மலையாளத்தில் குஜனுக்கு ஓர் எழுத்து, குருவுக்கு வேறு எழுத்து. தமிழுக்கு வந்தால் இரண்டும் ‘கு’தான். என் அக்காள் மகளுக்கு வந்த வரனில் ஏழாம் இடத்தில் ‘கு’ இருந்தது. யாரோ தமிழில் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, ஏழில் குரு, இதைவிட என்ன வேண்டும் என்று எல்லோரும் மகிழ்ந்துபோனோம். நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மூலப் பிரதி கைக்கு வந்தது. அது குஜன், செவ்வாய். முதலிலிருந்து எண்ணிப் பார்த்ததில் இரண்டு பக்கமும் சரியாகவே வந்து கல்யாணமும் நடந்தது. ஆனால் அந்த நான்கு நாளும் அக்காள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து நான் ‘கு’ என்று எழுதுவதே இல்லை. செவ், குரு என்றுதான் எழுதுகிறேன்.

எழுதி முடித்ததும் நான்கு சோதனைகள் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. சூரியன் பிறந்த மாதத்தின் ராசியில் இருக்க வேண்டும்: மகர மாதம் என்றால் மகரத்தில். ராகுவும் கேதுவும் ஒன்றுக்கொன்று ஏழாம் வீட்டில் இருக்க வேண்டும். புதன் சூரியனோடு அல்லது பக்கத்து வீட்டில்தான் இருப்பான். சுக்கிரன் சூரியனிலிருந்து இரண்டு வீட்டுக்கு மேல் விலக மாட்டான். இதில் ஒன்று தவறினாலும் கட்டம் தவறு. கிரகங்கள் வானத்தில் நகரும் விதம் அது. ஜோதிட நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

4. இரண்டையும் ஒரே கணிதத்துக்குக் கொண்டுவருதல்

ஒன்று வாக்கியம் (பழைய வாய்பாடுகளின்படி கணிப்பது), இன்னொன்று திருக்கணிதம் (வானில் கிரகம் உள்ள இடத்துக்குத் திருத்திக் கணிப்பது) என்றால் ஒப்பிட்டுப் பயனில்லை. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் சனி மீனத்துக்குப் பெயர்ந்தது 2026 மார்ச் 6. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. நடுவில் உள்ள ஏறக்குறைய ஒரு வருடத்தில் பிறந்த குழந்தைக்கு ஒரு கணக்கில் சனி கும்பத்தில், மறு கணக்கில் மீனத்தில். இன்று வரன் பார்க்கிறவர்கள் பிறந்த காலத்திலும் இப்படிப்பட்ட இடைவெளிகள் உண்டு.

எது சரி என்று வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள். இரண்டு பேரின் தேதியையும் நேரத்தையும் வைத்து, ஏதாவது ஒரே முறையில் புதிதாகக் கணித்துக்கொள்ளுங்கள். எந்த முறை என்று தாளில் எழுதுங்கள்.

5. ரஜ்ஜுவை முதலில் முடித்தல்

ரஜ்ஜு என்பது நட்சத்திரங்களைப் பிரிவுகளாக்கி, இருவரும் ஒரே பிரிவில் விழுகிறார்களா என்று பார்க்கும் பொருத்தம். இதற்கு நட்சத்திரம் மட்டும் போதும். ஒரே பிரிவில் விழுந்து தட்டினால் பல வீடுகளில் அப்போதே ஜாதகத்தை மூடிவிடுவார்கள் என்பதால் இதை முன்னால் வைக்கிறேன்.

தமிழ் முறையில் ஐந்து ரஜ்ஜு. இருவரும் சிரசில் இருந்தால் கணவனுக்கும், கண்டத்தில் இருந்தால் மனைவிக்கும் ஆகாது என்பது சாஸ்திர வாக்கு. வயிறு, தொடை, பாதத்துக்குப் பலன் வேறு. மிருகசீரிஷம், சித்திரை, அவிட்டம் மூன்றும் சிரசு. ரோகிணி, திருவாதிரை, அஸ்தம், சுவாதி, திருவோணம், சதயம் ஆறும் கண்டம்.

மலைக்கு அப்பால் கணக்கு வேறு. ஒன்பது ஒன்பதாக மூன்று பிரிவு வைத்து, இருவரும் நடுப்பிரிவில் விழுந்தால் மட்டும் மத்யம ரஜ்ஜு தோஷம் என்பார்கள். பரணி, மிருகசீரிஷம், பூசம், பூரம், சித்திரை, அனுஷம், பூராடம், அவிட்டம், உத்திரட்டாதி ஆகியவை அந்த நடுப்பிரிவு.

ரோகிணிக்கும் திருவாதிரைக்கும் தமிழ் முறையில் ஒரே கண்டம், பொருத்தமில்லை. கேரள முறையில் தடையில்லை. பரணிக்கும் மிருகசீரிஷத்துக்கும் நேர்மாறு. ஒரே ஜோடிக்குப் புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஆபத்து, அந்தப் பக்கம் ஆபத்தில்லை! எனவே எந்த முறையை இரண்டு வீடும் ஏற்கிறது என்பதை எண்ணுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எண்ணிய பிறகு கேட்டால் ஒவ்வொருவரும் தமக்கு வசதியானதைச் சொல்வார்கள்.

6. எந்த வீடு, யாருக்காக

ஏழாம் வீடு களத்திரம், அதாவது வாழ்க்கைத் துணை. எட்டாம் வீடு பெண் ஜாதகத்தில் மாங்கல்யம். இரண்டு குடும்பம், பன்னிரண்டு சயனம் (படுக்கை). துணையைக் குறிக்கும் கிரகமான களத்திரகாரகன் சுக்கிரன்.

பையனின் ஜாதகத்தில் ஏழும் சுக்கிரனும் கெட்டிருந்தால் மனைவிக்கு ஆகாது என்பது கணக்கு. பெண்ணின் ஜாதகத்தில் ஏழும் எட்டும் கெட்டால் கணவனுக்கு. நடைமுறையில் யாரும் முதல் பாதியைக் கேட்பதில்லை. பையன் வீட்டார் பெண் ஜாதகத்தின் எட்டாம் வீட்டைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். பெண் வீட்டாரோ பையனின் ஏழாம் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றே நினைப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

ஏழாம் அதிபதி ஆறு, எட்டு, பன்னிரண்டில் மறைந்திருக்கிறானா, குருவின் 5, 7, 9 பார்வை ஏழில் விழுகிறதா, சனியின் 3, 7, 10 பார்வையும் செவ்வாயின் 4, 7, 8 பார்வையும் எங்கே விழுகின்றன என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது குறிப்பு மட்டும் போதும். தீர்ப்பு எழுதாதீர்கள்.

7. செவ்வாயைக் குறித்துவிட்டு நகர்தல்

தமிழகத்தில் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். கேரளத்தில் 7, 8 இரண்டையும்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். வடக்கே இரண்டை விட்டு ஒன்றைச் சேர்ப்பார்கள்.

லக்னம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் எண்ணி, ஏதாவது ஒன்றில் பட்டாலும் தோஷம் என்று வைத்தால் என்ன ஆகும்? பன்னிரண்டில் ஐந்து வீடு தோஷ வீடு. மூன்று இடத்திலிருந்தும் தப்புவதற்குக் குத்துமதிப்பாக ஐந்தில் ஒருவருக்குத்தான் வாய்ப்பு. மீதி நான்கு பேரும் தோஷக்காரர்கள்! வெறும் பெருக்கல் கணக்கு இது. “செவ்வாய் தோஷமாம்” என்று யாராவது கிசுகிசுத்தால் நான் இதைச் சொல்வேன்.

அதனால்தான் விலக்குகளும் இருக்கின்றன. இரண்டாம் இடம் மிதுனம் அல்லது கன்னி, நான்காம் இடம் மேஷம் அல்லது விருச்சிகம், ஏழாம் இடம் கடகம் அல்லது மகரம், எட்டாம் இடம் தனுசு அல்லது மீனம், பன்னிரண்டாம் இடம் ரிஷபம் அல்லது துலாம் ஆனால் தோஷமில்லை. கடக, சிம்ம லக்னத்துக்கும் இல்லை என்பார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுப் பிடித்த வரனுக்கு மட்டும் விலக்குக் கொடுப்பார்கள். கொடுத்தால் இருவருக்கும் கொடுக்க வேண்டும்.

8. பாபசாம்யம்: முழுக் கணக்கு

இரண்டு ஜாதகத்திலும் உள்ள பாபத்தை எண்ணி ஒப்பிடுவதுதான் பாபசாம்யம். சூரியன், செவ்வாய், சனி, ராகு, கேது ஆகிய ஐந்து பாபர்கள் 1, 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் இருந்தால் மதிப்பெண். நான் பழகிய முறையில் லக்னத்திலிருந்து எண்ணும்போது 1, சந்திரனிலிருந்து ½, சுக்கிரனிலிருந்து ¼. சிலர் வேறு அளவு வைப்பார்கள். இரண்டு ஜாதகத்துக்கும் ஒரே அளவு என்பதுதான் முக்கியம். மாந்தியைச் சேர்ப்பதில்லை.

ஒரு பெண்: மீன லக்னம். செவ்வாய் துலாம், சனி மேஷம், சூரியனும் கேதுவும் மகரம், ராகு கடகம், சந்திரன் கன்னி, சுக்கிரன் கும்பம்.

லக்னத்திலிருந்து செவ்வாய் எட்டில், சனி இரண்டில்: 2. சந்திரனிலிருந்து செவ்வாய் இரண்டில், சனி எட்டில்: இரண்டு அரை, 1. சுக்கிரனிலிருந்து சூரியனும் கேதுவும் பன்னிரண்டில்: இரண்டு கால், ½. மொத்தம் 3½.

ஒரு பையன்: கன்னி லக்னம். சூரியனும் ராகுவும் லக்னத்தில், சனியும் கேதுவும் மீனத்தில். செவ்வாயும் சுக்கிரனும் கடகத்தில், சந்திரன் கும்பத்தில்.

லக்னத்திலிருந்து சூரியன், ராகு ஒன்றில், சனி, கேது ஏழில்: 4. சந்திரனிலிருந்து அதே நால்வரும் எட்டிலும் இரண்டிலும்: நான்கு அரை, 2. சுக்கிரனிலிருந்து செவ்வாய் ஒன்றில்: ¼. மொத்தம் 6¼.

இந்தப் பெண்ணுக்கு ஊர் வைக்கும் பெயர் “எட்டில் செவ்வாய்”. பையனுக்கு மூன்று இடத்திலிருந்து எண்ணினாலும் செவ்வாய் தோஷம் கிடையாது. “சுத்த ஜாதகம்” என்று தரகர் சொல்வார். கூட்டிப் பார்த்தால் பையன் பக்கம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

விதி என்ன? பெண்ணின் பாபம் பையனுடையதைவிடக் கூடக் கூடாது. சமமாகவோ குறைவாகவோ இருக்கலாம். விதிப்படி இந்த ஜோடி தேறுகிறது. நான் அங்கே நிறுத்த மாட்டேன். அந்த விதி கணவனின் உயிருக்குக் காவல் வைத்து எழுதப்பட்டது. 2¾ வித்தியாசத்தை மனைவியின் பக்கத்திலிருந்து யார் பார்ப்பது? பையனின் ஏழில் சனியும் கேதுவும் இருக்க, லக்னத்திலிருந்து சூரியனும் ராகுவும் அதையே பார்க்கிறார்கள். ஆறாம் பகுதியில் ஓரத்தில் எழுதிய குறிப்பை இப்போது எடுங்கள்: ஏழாம் அதிபதி குரு எங்கே, அவன் பார்வை ஏழில் உண்டா என்று பார்த்துவிட்டுப் பெண் வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு, எண்ணத் தொடங்கிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டை ஒன்று என்று எண்ணுவது. தொடங்கும் வீடுதான் ஒன்று. கணக்கு முடிந்ததும் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு இன்னொரு முறை எண்ணுங்கள்.

9. தசாசந்தி

தசை என்பது ஒரு கிரகத்துக்கு உரிய ஆண்டுக் காலம். இருவருடைய தசையும் ஓராண்டுக்குள் அடுத்தடுத்து முடிந்தால் அதைத் தசாசந்தி என்பார்கள். சுக்கிர–ஆதித்யம் (சுக்கிர தசை முடிந்து சூரிய தசை தொடங்குவது), குஜ–ராகு, ராகு–குரு ஆகிய மூன்று சந்திகளையும் கேரளத்தில் குறிப்பாகக் கவனிப்பார்கள். பையனுக்கு ராகு தசை 2031 ஏப்ரலில் முடிகிறது, பெண்ணுக்குச் சுக்கிர தசை 2031 செப்டம்பரில் முடிகிறது என்றால் இந்தக் கணக்கில் அது சந்தி.

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், நேரத் துல்லியம் அதிகம் வேண்டியது இதற்குத்தான். ஒரு நட்சத்திரம் சுமார் 24 மணி நேரம். சுக்கிர தசை 20 ஆண்டு. பரணியிலோ பூரத்திலோ பூராடத்திலோ பிறந்தவருக்கு, பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரம் தவறினால் தசை இருப்பு (பிறக்கும்போது அந்தத் தசையில் மீதி இருக்கும் காலம்) பத்து மாதம் நகரும்; பின்னால் வரும் தசைகள் எல்லாம் கூடவே நகரும். ஆறு நிமிடத்துக்கு ஒரு மாதம். “சுமார் மதியம் பிறந்தது” என்று எழுதிய ஜாதகத்தில் தசாசந்தி பார்ப்பது வீண்.

10. சொல்லும் விதம்

கணக்கைச் சொல்லுங்கள், சாவைச் சொல்லாதீர்கள். “பெண்ணுக்கு 3½, பையனுக்கு 6¼, ரஜ்ஜு தமிழ் முறையில் பார்த்தது” என்றால் போதும். “மாங்கல்ய பலம் இல்லை” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தச் சொல் அந்தப் பெண்ணோடு அடுத்த வரனுக்கும் போகும், அதற்கடுத்ததற்கும் போகும். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துக் கணவனுக்கு விபத்து நேர்ந்தாலும் யாராவது இதை ஞாபகப்படுத்துவார்கள்.

மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம் பற்றிய பேச்சு வந்தால், அவற்றைச் சொல்பவர்களே மாமனார், மாமியார், மூத்தார், கொழுந்தனார் என்றுதான் சொல்கிறார்கள், கணவன் என்று யாரும் சொல்வதில்லை என்று முடித்துவிடுங்கள்.

வாழை மரத்துக்குத் தாலி கட்டுவது, ஆயிரக்கணக்கில் ஹோமம் என்று யாராவது பட்டியல் நீட்டினால், அந்தப் பணத்தில் இருவருக்கும் ரத்தப் பரிசோதனையும் உடல் பரிசோதனையும் செய்யச் சொல்வது என் வழக்கம். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். பையன் குடிக்கிறானா, கடன் எவ்வளவு என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் சொல்வேன். உயிருக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டவர்களுக்கு அதுவும் பதில்தானே.

கடைசியாக, தாளின் அடியில் மூன்றைக் குறியுங்கள்: எந்தக் கணிதம், எந்த ரஜ்ஜு முறை, எந்த மதிப்பெண் அளவு. மூலப் பிரதிகளை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். வரன் அமையாமல் போனால் உங்கள் தாளையும் கிழித்துவிடுங்கள். அடுத்தவர் கையில் அது கிடைக்க வேண்டியதில்லை.